சிவப்பு விளக்கு அணையும் அளவு

அந்த வருஷம் மிளகாய் சுடுகிற வாரத்தில்தான் மிலிசாவ் தார்ப்பாயை இழுத்தான்.

அவன் மனைவி வுகோசாவா முற்றத்தில் தகர அடுப்பை மூட்டி, மூட்டை மூட்டையாக வாங்கிப்போட்டிருந்த சிவப்பு மிளகாயைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கருந்தோல் ஒட்டியிருந்தது. கொட்டகைக்குள் தார்ப்பாய் சரசரவென்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் கிடந்த நாலைந்து மிளகாய் கரியாகிப்போனது.

பதினெட்டு வருஷம் அந்தப் பாயை யாரும் தொட்டதில்லை. கோழி அதன்மேல் ஏறி முட்டையிட்டால் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவள்போல.

இப்போது அவன் அதை இழுத்ததற்குக் காரணம் மகள் வெரித்சா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரத்திலிருந்து ஃபோன் பண்ணியிருந்தாள். முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தருகிறவன், மனைவியை இழந்தவன், அமைதியானவன். நவம்பர் மூன்றாவது ஞாயிறு என்று நாள் வைத்தாகிவிட்டது.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"நம்ம வீட்டிலேருந்து நான் நினோவோட ஃபிச்சா காருல ஏறிப் போகணும்."

மிலிசாவ் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "ஏறலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"என்ன கேட்டா?" என்றாள் வுகோசாவா.

"காரக் கேட்டா. முப்பத்தொம்பது வயசுல ஒருத்தன் கெடச்சிருக்கான். அவ பீரங்கி வண்டி கேட்டாலும் வாசல்ல கொண்டாந்து நிறுத்தத்தான் வேணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

*

மகன் நினோஸ்லாவ் இறந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு. பெட்ரோல் பங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்த வருஷம் அது. நாட்டின்மேல் தடை போட்டிருந்தார்கள், வெளியிலிருந்து ஒன்றும் வராது. எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வந்ததைச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களில் அடுக்கி வைத்து விற்றார்கள். அந்த ஊரில் விற்றவர் ஜிவாதின். மிலிசாவுக்கு அவர் கூம். பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குத் தொட்டியருகில் நின்று பெயர் வைத்தவர்; அவர் அப்பாதான் மிலிசாவுக்குப் பெயர் வைத்தது. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போடக்கூடாது என்பார்கள் அங்கே.

ஐப்பசிப் பனி இறங்கிய ஒரு சாயங்காலம் நினோ சாச்சாக் நகரத்துக்குக் கிளம்பினான். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், ஆற்றை ஒட்டிய வளைவில், வண்டி நின்றுவிட்டது. எதிர்ச்சாரியில் இருந்த வீட்டில் குறடு கேட்க நினைத்திருக்கிறான். சாலையைக் கடக்கும்போது பனிக்குள்ளிருந்து லாரி வந்தது. ஃபிச்சாவில் ஒரு கீறல்கூட இல்லை. அவனுடைய மூடின கையில் ஒரு வயர் இருந்தது, கறுப்பு நாடா சுற்றியது. அந்த நாடாவை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுற்றியவன் மிலிசாவ்.

மிலிசாவ் காகித ஆலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஆறு மாடி உயர இயந்திரங்களுக்கு இணைப்புக் கொடுத்த கை. அந்தக் கை சுற்றின ஒரு சின்ன வயர் விட்டுப்போய் மகன் செத்தான் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான். யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. வயர் பிள்ளையின் கையில் இருந்ததே! அன்றையிலிருந்து அவன் ஒரு பல்பைக்கூட மாட்டியதில்லை. வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுத் தாரிங்காவின் மருமகன் வந்து போட்டுவிட்டுப் போவான்.

அதனால்தான் தார்ப்பாய் விழுந்த சத்தம் கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது. தாரிங்கா வேலிமேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அடியே வுகோ, ஒம் புருஷன் உயிரோட எந்திரிச்சிட்டான்டி! மெழுகுவத்தி ஏத்து!"

"ஒம் மிளகாய் தீயுது, போய்ப் பாரு."

"தீயட்டும். கொட்டகையில லைட் எரியுதே, நீ அதப் பாரு."

*

மிலிசாவ் முதலில் எடுத்தது காப்பித் தகரம் ஒன்றை. அதற்குள் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஃபிச்சாவோடு பிறந்த மானி இருந்தது. வட்டமான ஒற்றைக் கண்ணாடி. மேலே வேகம், கீழே சின்ன வளைவில் பெட்ரோல் ஊசி, ஊசிக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. தொட்டி அடி தட்டினால் அந்த விளக்கு எரியும்.

இறந்த வருஷத்துக் கோடையில் ஊசி செத்துவிட்டது என்று நினோவே கழற்றினது அது. அதற்குப் பதிலாக வேறேதோ பெரிய வண்டியின் மானியை எங்கேயோ மாற்றி வாங்கிப் பொருத்தியிருந்தான். அதில் நூற்றெண்பது வரை எண் போட்டிருந்தது. "இறக்கத்துல, பின்னாடி காத்தும் அடிச்சா, நூறு போகும். மிச்ச எம்பதும் எதுக்குடா?" என்று மிலிசாவ் கேட்டதற்கு, "எம்பது ஆசைக்குப்பா" என்றான் பையன். அந்த மானியின் பெட்ரோல் ஊசிக்கும் இந்தத் தொட்டிக்கும் ஒத்துவரவில்லை. ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பாதி காட்டும். ஆகவே மிலிசாவ் ஒரு ஹேசல் குச்சியை வெட்டி, லிட்டர் லிட்டராகக் கோடு கீறிக் கொடுத்தான். பிளம் சாராயமான ராக்கியாவின் பீப்பாய்க்குக் கீறி வைத்திருக்கிறானே, அதேபோல. வண்டியின் முன்பக்க மூடியைத் திறந்து அங்கே இருக்கிற தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்தால் கணக்குத் தெரிந்துவிடும்.

வுகோசாவாவின் கெட்ட காலம் அந்தக் குச்சியில்தான் இருந்தது.

குடும்பத்துப் புனிதரின் நாளான மித்ரோவ்தான் நெருங்கிக்கொண்டிருந்தது அப்போது. விருந்தாளிகள் வருவார்கள். அவித்த கோதுமையை வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து இடித்து வாசலிலேயே ஒரு கரண்டி கொடுக்க வேண்டும். கடையில் சர்க்கரை இல்லை. சந்தையில் ஒருவன் மூன்று லிட்டர் பெட்ரோலுக்கு ஐந்து கிலோ சர்க்கரை தருகிறேன் என்றான். வீட்டில் பெட்ரோல் இருந்தது ஃபிச்சாவின் வயிற்றில் மட்டும்தான். கேட்டால் மிலிசாவ் தரமாட்டான். 'புனிதர் இந்த வருஷம் உப்புப் போட்டுச் சாப்பிடட்டும்' என்று வேறு சொல்லியிருந்தான்.

அவள் பீப்பாய்க்கு வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்தாள். வாயால் உறிஞ்சி மூன்று லிட்டர் இறக்கினாள். பிறகு பிறந்த வீட்டில் அவளுடைய அண்ணன்மார் செய்வதைச் செய்தாள். அவர்கள் அப்பாவின் பீப்பாயிலிருந்து ஒரு கூஜா ராக்கியா எடுத்தால் ஒரு கூஜா தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். குச்சியில் கோடு இறங்காது. அப்பா குடித்துப் பார்த்து, "இந்த வருஷம் பிளம் கொஞ்சம் சாது" என்பார், அவ்வளவுதான். மிலிசாவின் பீப்பாயிலும் அவள் இரண்டொரு தடவை செய்ததுண்டு. கிணற்றிலிருந்து மூன்று லிட்டர் அளந்து, ஒரு சொட்டுக் குறையாமல் தொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் நினோ அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மூக்கைச் சுளித்தான்.

"என்னம்மா, தனியா பெட்ரோல் பங்க் நடத்துறியா? வாசன தூக்குது."

"அடுப்புக்கு ஊத்துனேன்டா. போ, போய் ரொட்டி தின்னு."

சாயங்காலம் அவன் குச்சியை விட்டுப் பார்த்தான். கோடு சரியாக இருந்தது. கிளம்பினான்.

அந்தச் சர்க்கரை மித்ரோவ்தானுக்கு ஆகவில்லை. ஐந்து கிலோவும் நினோவின் அடக்கத்துக்கு அவித்த கோதுமையில் போயிற்று. ஊரே வந்து ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டது.

தான் என்ன செய்தோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, ரொட்டி வரிசையில் நின்றபோது தெரிந்தது. சாலையோரத்தில் ஒருவன் ஜிவாதினின் சட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான்: "எனக்கே தண்ணி கலந்து விக்கிறியா? தண்ணி அடியில போய் நிக்கும்டா! அதத்தான்டா இஞ்சின் மொதல்ல குடிக்கும்!" வுகோசாவா வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு வீட்டில் ரொட்டி இல்லை. மிலிசாவ் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கோதுமையில் சர்க்கரை போட்டதில்லை. தேன்தான். "கோதுமையில தேனு, பேச்சுல வினிகர்" என்று தாரிங்கா கேலி செய்வாள். மிலிசாவும் ஓரிரு தடவை கேட்டான், "ஏன்டி, எல்லாரும் சர்க்கரை போடுறாங்களே?" என்று. "எனக்கு ஒத்துக்கல" என்றாள்.

*

மானியைத் திறக்கவே மூன்று நாள் ஆயிற்று. கண்ணாடியைப் பிடித்திருந்த வெள்ளிநிற வளையம் பின்பக்கமாக மடித்து நெரித்திருந்தது. முனை மழுக்கின திருப்புளியால் ஒவ்வொரு மடிப்பையும் ஒரு மயிரிழை தூக்கி, அடுத்த மடிப்புக்குப் போய், அதையும் ஒரு மயிரிழை தூக்கி, இப்படியே சுற்றிச் சுற்றி வந்தான். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். உள்ளே ரப்பர் வளையம் கல்லாகிப்போயிருந்தது. எண்பலகையைத் துடைக்கவில்லை, துடைத்தால் எண் கையோடு வந்துவிடும். ஈரப் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தான். அப்படியும் எண்பதின் ஓரத்தில் ஒரு துளி பஞ்சோடு போய்விட்டது.

"போகட்டும். எம்பதுக்கு மேல ஆசை" என்றான்.

வுகோசாவா காப்பிப் பாத்திரத்தோடு கதவருகில் நின்றாள். அவன் மகனின் பேச்சைத் தானாக எடுத்துச் சொன்னதை அவள் அத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

ஊசியின் நிறம் வெளுத்திருந்தது. அதற்காக மருந்துக்கடைக்குப் போய் நகப்பூச்சு வாங்கிவந்தான். நாலு நிறத்தை வாங்கி முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தான்.

"கடைக்காரப் பொண்ணு கேக்கிறா, 'யாருக்குத் தாத்தா?'ன்னு. 'எனக்குத்தான்மா, கல்யாணம் வருது'ன்னேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பாத்துட்டு, 'நிறம் எடுப்பா இருக்கு'ன்னு சொல்லும்."

பெட்ரோல் ஊசிக்குப் பின்னால் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி அறுந்திருந்தது. பூதக்கண்ணாடியைக் கயிற்றால் விளக்கில் கட்டித் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி, நுனியைத் தேடிப் பற்றவைத்தான். கை நடுங்குமோ என்று அவள் பயந்தாள். நடுங்கவில்லை. பேட்டரியைத் தொட்டதும் ஊசி துள்ளியது. மிலிசாவ் குழந்தையைப் பார்க்கிறாற்போல அதைப் பார்த்தான். மறுபடி தொட்டான், மறுபடி துள்ளியது.

"பாத்தியா, பாத்தியா? சாகல. தூங்கியிருக்கு."

"எல்லாம் முடிஞ்சுதா அப்ப?"

"எங்க முடிஞ்சது? தொட்டிக்குள்ள மிதவை இருக்கில்ல. அது ஏறி இறங்குறதத்தான் இந்த ஊசி சொல்லும். நாளைக்கு அதக் கழட்டணும்."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்? ஒரு நாள் ஓட்டத்துக்குக் குச்சி போதாதா?"

"குச்சியா?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "எம் பொண்ணு ஏறுற வண்டிக்குக் குச்சியா?"

*

மறுநாள் அவள் முட்டைக்கோசைப் பீப்பாயில் அடுக்கி உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தகரத் தட்டில் விழுந்தன. ஆறு ஆணி. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாவது விழுந்த பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை.

பிறகு அவன் வந்தான். கையில் நீளக் கம்பியின் நுனியில் கார்க்கு மிதவை. கம்பியின் கீழ்ப்பாதி துருவேறிச் சிவந்திருந்தது. மேல்பாதி பளபளவென்று இருந்தது.

"வுகோ. இத என்னன்னு பாரு."

"துரு."

"துருதான். பெட்ரோல்ல துரு ஏறாதுடி. இந்தக் கோட்டப் பாரு. மூணு விரக்கடை. இதுவரைக்கும் தண்ணி நின்னிருக்கு. தொட்டி அடியும் இப்படித்தான் கெடக்குது, விளக்கு விட்டுப் பாத்தேன். தண்ணி! வண்டி தண்ணியக் குடிச்சு நின்னிருக்கு. வயரு இல்ல, வுகோ. என் வயரு இல்ல. பாவம், புள்ளைக்கும் தெரியல. வயருதான்னு நெனச்சுக் கழட்டிக் கையில பிடிச்சிருக்கான்... என் வயரு நல்லாத்தான் இருந்திருக்கு."

முட்டைக்கோசுப் பீப்பாய்மேல் சாய்ந்து அவன் அழுதான். அடக்கத்தன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை. உப்புக் கையோடு அவன் முதுகைத் தடவினாள். அவன் தோள் இறங்கித் தளர்ந்ததை உள்ளங்கையால் உணர்ந்தாள். பதினெட்டு வருஷம் படுக்கையில்கூட விறைத்தே கிடந்த தோள். இப்போது சொன்னால் என்ன என்று ஒரு கணம் நாக்கு எழுந்தது. இந்த ஒரு மூச்சையாவது அவன் முழுசாக விடட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஜிவாதின்" என்றான்.

"என்ன ஜிவாதின்?"

"அவன்கிட்டதானே வாங்குனேன் பெட்ரோல? ஊருக்கெல்லாம் தண்ணி கலந்தான், தெரியும். எனக்கும் கலந்திருக்கான். தான் பேரு வச்ச புள்ளைக்கு."

"மிலிசாவ்... உறுதியாத் தெரியாம..."

"இந்தா உறுதி!" மிதவையை ஆட்டினான். "சனிக்கிழம கல்லறைக்கு வருவான்ல, மெழுகுவத்தியத் தூக்கிக்கிட்டு? வரட்டும். எல்லார் முன்னாடியும் கேக்கிறேன். வெரித்சா கல்யாணத்துக்கும் அவன் கூமா நிக்க வேணாம். கூமும் கெடயாது, ஒண்ணும் கெடயாது."

அன்று ராத்திரி அவன் அசந்து தூங்கினான். குறட்டை விட்டான்.

*

மித்ரோவ்தானுக்கு முந்தின சனிக்கிழமை இறந்தவர்களின் நாள். வெள்ளிக்கிழமை பகலெல்லாம் வுகோசாவா கோதுமையை அவித்தாள், வடித்தாள், துணிமேல் பரப்பி உலர்த்தினாள், வால்நட்டோடு சேர்த்து அரைத்தாள். தேன் ஜாடி அலமாரியில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவந்து, பொட்டலத்தைப் பிரித்து, முழுவதையும் கொட்டிப் பிசைந்தாள். பிசையும்போது வாயில் பெட்ரோல் ருசி வந்தது.

சொல்லிவிடுவது என்றுதான் சர்க்கரை போட்டாள். ஆனால் காலையில் மிலிசாவ் சவரம் செய்துகொண்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மிதவையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்தபோது அவளுக்கு வாய் வரவில்லை. தட்டைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஊர் முழுக்க இருந்தது. கல்லின்மேல் துணி விரித்து ரொட்டி, மீன், ஊறுகாய், பாட்டில் எல்லாம் வைத்திருந்தார்கள். பாதிரியார் மூன்று வரிசை தள்ளித் தூபம் காட்டிக்கொண்டிருந்தார். பனி ஆற்றிலிருந்து எழுந்து பிளம் மரங்களுக்குள் நின்றது. நினோவின் கல்லில் மிலிசாவ் மெழுகுவத்தி ஏற்றவில்லை. வழியைப் பார்த்து நின்றான்.

ஜிவாதின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்கிவிட்டவர். முதலில் இங்கே வந்துவிட்டுத்தான் தன் மனைவியின் கல்லுக்குப் போவார், வருஷாவருஷம் அப்படித்தான். பாட்டிலைச் சாய்த்து ஒரு வாய் ராக்கியாவை மண்ணில் ஊற்றப் போனார்.

"ஊத்தாத" என்றான் மிலிசாவ்.

"என்ன கூம்?"

"என்னக் கூம்னு கூப்பிடாத. இது என்னன்னு தெரியுதா?" செய்தித்தாளைப் பிரித்தான். "எம் மகன் தொட்டியில கெடந்தது. பாரு, தண்ணி நின்ன கோடு. எங்கிட்ட என்ன வித்த நீ?"

பக்கத்துக் கல்லறைகளில் பேச்சு நின்றது. தாரிங்கா ரொட்டித் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே இருந்தாள்.

ஜிவாதின் மிதவையைக் கையில் வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"நான் தண்ணி கலந்தவன்தான், மிலிசாவ். இல்லேங்கல. வழிப்போக்கனுக்கு, டவுன்காரனுக்குக் கலந்தேன். கடவுளுக்குத் தெரியும். ஆனா ஒனக்குன்னு தனியா எடுத்து வப்பேன். பச்ச மூடி போட்டு வப்பேன். எம் பேருபுள்ள வண்டிக்குன்னு..." அவர் நிறுத்தினார். "பச்ச மூடி... ஒருக்கா எம் மச்சினன்தான் பாட்டில்ல ஊத்தி அடுக்குனான். அவனுக்கு மூடிக் கணக்கு தெரியுமோ என்னவோ. தெரியாம மாத்தியிருப்பானோ? இருக்கலாம், மிலிசாவ். இருக்கலாம்."

கைத்தடி கீழே விழுந்தது. அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு, ஈர மண்ணில், முழங்காலிட ஆரம்பித்தார். முதுமையில் அது ஒரே அடியாக முடிகிற காரியமில்லை. ஒரு முழங்கால், பிறகு கை, பிறகு மறு முழங்கால். "நினோ, மன்னிச்சிருடா. நான்தான்டா" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார்.

மிலிசாவ் தடுக்கவில்லை.

வுகோசாவாவுக்கு அந்த மனிதர் மண்ணில் இறங்கியதுதான் தாங்கவில்லை. செய்யாததை ஒருவர் இத்தனை சுலபமாக எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்ததும் அவள் துணியை விலக்கித் தட்டைப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"இதத் தின்னு பாரு."

"இப்பவா? தள்ளு."

"தின்னு பாரு மிலிசாவ். சர்க்கர போட்டிருக்கேன். பதினெட்டு வருஷமா ஏன் போடலன்னு கேட்டியே."

அவன் அவளைப் பார்த்தான்.

"அவர் கலக்கல. நான் கலந்தேன். மூணு லிட்டர் எடுத்துக் குடுத்துச் சர்க்கர வாங்குனேன், மித்ரோவ்தானுக்கு. ஒனக்குக் குச்சியில தெரியக்கூடாதுன்னு மூணு லிட்டர் தண்ணி ஊத்துனேன். பீப்பாயில ஊத்துற மாதிரி." அவள் மூச்சு வாங்கினாள். "ஊர் முழுக்கச் சாப்பிட்டுச்சு அந்தச் சர்க்கரைய. இவன் அடக்கத்துல. நீயும் சாப்பிட்ட."

பாதிரியாரின் தூபச் சங்கிலி மட்டும் கிலுங்கியது. மிலிசாவ் தட்டை வாங்கவில்லை. தட்டிவிடவும் இல்லை. குனிந்து ஜிவாதினின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். கைத்தடியை எடுத்துக் கொடுத்தான். அவருடைய முழங்கால் மண்ணைத் தட்டினான். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தான்.

ஜிவாதின் ஒரு கரண்டி கோதுமையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு வாயில் இட்டார். பல் இல்லாத வாயால் மென்று மென்று முழுங்கினார்.

"வீட்டுக்குப் போம்மா" என்றார். "பனி ஏறுது."

*

அதன் பிறகு பத்து நாள் மிலிசாவ் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வைத்த சோற்றைத் தின்றான். விறகு பிளந்து அடுப்படியில் போட்டான். வெரித்சா கூப்பிட்டால் ஒன்றும் பேசாமல் ஃபோனை மனைவி பக்கம் நீட்டினான். கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டான். தாரிங்கா வேலிப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒருநாள் காலையில் படியில் ஒரு சட்டி சூப் இருந்தது. யார் வைத்தது என்று சட்டியைப் பார்த்தாலே தெரியும்.

கொட்டகையில் வேலை மட்டும் நிற்கவில்லை. தொட்டியைக் கழற்றி, சரளைக்கல்லைப் போட்டு, மணிக்கணக்காகக் குலுக்கினான். கல்லெல்லாம் அவளுடைய நெஞ்சுக்கூட்டுக்குள் உருள்வதுபோல இருந்தது. சிவந்த சேறு முற்றத்தில் வழிந்தது. அவன் போன பிறகு அவள் வாளித் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவிவிட்டாள். பிறகு மிதவைக் கம்பியைத் தேய்க்கும் சத்தம். பிறகு ஒரு நாள், நினோ பொருத்தின மானியைக் கழற்றி எறிந்த சத்தம். நூற்றெண்பது வரை போட்டிருந்த அது குப்பையில் கிடந்தது. அவள் எடுத்து, துடைத்து, நினோவின் அலமாரியில் வைத்தாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. மத்தியானம் அவள் சீமைமாதுளைகளைத் துடைத்து அலமாரிமேல் அடுக்கிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"வுகோ."

கேட்டது நிஜம்தானா என்று அவள் நின்றாள்.

"வுகோ! இங்க வா. ஒத்தக் கையால ஆகாது."

போனாள். ஃபிச்சா பால்போல வெள்ளையாக நின்றது. முன் மூடி திறந்திருந்தது. மிலிசாவ் ஒரு கேனையும் லிட்டர்க் குவளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள ஏறி உக்காரு. நான் ஊத்தணும். ஊசியப் பாத்துச் சொல்ல ஆள் வேணும்."

"எங்க உக்கார?"

"எங்கயா? ஸ்டியரிங் பக்கம்."

நினோவின் இருக்கை. அவள் உட்கார்ந்தாள். எதிரே அந்த வட்டக் கண்ணாடி. எண்பதின் ஓரத்தில் துளி குறைந்த எண்பலகை, மருந்துக்கடை நிறத்தில் ஊசி. வளையம் பழையபடி மடிந்து கண்ணாடியைப் பிடித்திருந்தது, எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை.

"சாவியத் திருப்பு. பாதி போதும்."

திருப்பினாள். கடுகளவு சிவப்பு எரிந்தது.

"என்ன சொல்லுது?"

"சிவப்பு எரியுது. ஊசி படுத்திருக்கு."

"சரி." பெட்ரோல் சரிகிற சத்தம். வாசனை உள்ளே வந்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு ஊத்தியாச்சு. இப்ப?"

"எரியுது."

"ரெண்டு."

"எரியுது."

மூன்றாவது குவளை விழ நேரமாயிற்று. அவன் மெதுவாக ஊற்றினான் போலிருக்கிறது. சிவப்பு ஒரு தடவை மினுங்கியது. பிறகு இல்லை.

அவள் கண்ணாடியை விரலால் தொட்டாள்.

"என்னடி? சொல்லு."

"அணஞ்சிருச்சு."

திறந்திருந்த மூடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரியவில்லை. குவளையைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அது அசையாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"தண்ணி ஊத்துனாலும் அணஞ்சிருக்கும்" என்றான் கடைசியில். "இதுக்குத் தெரியாது, வுகோ. மிதவைக்குத் தண்ணி எது, பெட்ரோல் எதுன்னு தெரியாது."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"தூங்கிராத" என்றான் அவன். "நாலாவது ஊத்துறேன். ஊசியப் பாரு."

அவள் தலையை நிமிர்த்தினாள். ஊசி ஒரு நூலளவு எழுந்தது.

"ஏறுது" என்றாள்.